பிள்ளையை அளந்தவர்களும் செவிகொடுத்தவர்களும்



செப்டெம்பரில் பாடசாலைகள் திறக்கின்றன. சகல புனிதர் விழா விடுமுறை நெருங்கும் வேளையில் சில வீடுகளுக்கு ஒரு கடிதம் வந்து சேர்கிறது. "உங்கள் பிள்ளையைப் பாடசாலை உளவியலாளர் ஒருமுறை பார்ப்பது நன்று, இசைவு தெரிவித்து ஒப்பமிட்டு அனுப்புக" என்பதே அதன் சாரம். திருப்பலி முடிந்ததும் அக்கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கலைந்து போகும்வரை காத்திருந்து, உங்களுள் சிலர் என்னிடம் வந்திருக்கிறீர்கள். என் பிள்ளைக்குப் பைத்தியமா? வேறு பாடசாலைக்கு அனுப்பிவிடுவார்களா? சமூக சேவைக்காரர் வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்களா? கேள்விகள் பெரும்பாலும் இம்மூன்றினுள் அடங்கிவிடுகின்றன. வேறு சிலர் அக்கடிதத்தை எவருக்கும் காட்டாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள் என்பதையும் நான் அறிவேன்.

உங்களைக் கண்டிப்பதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையின் மனத்தை ஆராய்ந்து உதவும் இந்த முயற்சி எங்கிருந்து வந்தது, யார் கையில் நன்மையாயிற்று, யார் கையில் கொடுமையாயிற்று என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அவ்வரலாற்றின் பெரும்பகுதி நாம் வாழும் இதே பாரிஸ் நகரில் நடந்தது. அதை அறிந்தால் உங்கள் அச்சத்தில் ஒரு பங்கு நீங்கும். இன்னொரு பங்கு நியாயமானதே என்பதும் விளங்கும்.

லா ஷப்பல் கடைத்தெருவிலிருந்து தெற்கே கால்வாய்ப் பக்கமாக ஏறத்தாழ இருபது நிமிடம் நடந்தால், பத்தாம் வட்டாரத்தில் கிரான்ஜ்-ஓ-பெல் என்னும் வீதி வரும். சென்லூயி மருத்துவமனையின் அயலில் உள்ளது. உங்களுள் பலருடைய பிள்ளைகள் அம்மருத்துவமனைக்குச் சென்றிருப்பார்கள். அவ்வீதியின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 1905 ஆம் ஆண்டு அல்பிரெட் பினே என்பவர் ஒரு சிறிய ஆய்வுகூடத்தைத் திறந்தார். உலகில் இன்று எந்த நாட்டிலாவது ஒரு பிள்ளையை மேசைக்கு முன் அமர்த்தி "இந்த எண்களைத் திருப்பிச் சொல், இந்தப் படத்தில் என்ன காண்கிறாய்" என்று கேட்கிறார்கள் என்றால், அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

பினே 1857 இல் நீஸ் நகரில் பிறந்தவர். சட்டம் படித்தவர், உளவியலை நூலகத்தில் இருந்து தாமாகவே கற்றுக்கொண்டவர். இளமையில் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பேரறிஞர் ஷார்க்கோவின் நிழலில் மனோவசிய ஆராய்ச்சி செய்தார். அந்த ஆராய்ச்சி தவறென்று பிறர் நிரூபித்தபோது பெருத்த அவமானம் அடைந்தார். பிறகு, தலை பெரிதானால் அறிவும் பெரிது என்ற அக்கால நம்பிக்கையைச் சோதிக்கப் பாடசாலைப் பிள்ளைகளின் தலைகளை அளந்து பார்த்தார். வேறுபாடு மிகச் சிறிதாய் இருந்தது. அதைவிட முக்கியமாக, அளப்பவரின் எதிர்பார்ப்பே அளவை மாற்றிவிடுகிறது என்பதைத் தம் கையிலேயே கண்டுகொண்டார். மெலிந்த பிள்ளையை மந்தமானது என்று முன்கூட்டியே நினைத்துவிட்டால் அளவுகோலும் அப்படியே பேசும் என்பதை அவர் மறைக்காமல் எழுதி வெளியிட்டார். பின்னாளில் இவருடைய கருவியைக் கையிலெடுத்த பலரிடம் இந்த நேர்மை இருக்கவில்லை.

அவருக்கு மதலேன், அலீஸ் என்று இரு பெண்பிள்ளைகள். வீட்டில் இவர்களே அவருடைய முதல் மாணவிகள். ஒரே தாய் தந்தையர், ஒரே வீடு, ஒரே உணவு. ஆயினும் மூத்தவள் நிதானித்து அடியெடுத்து வைப்பவள், இளையவள் துள்ளிக் குதித்து விழுந்தெழுபவள். ஒரே கேள்விக்கு இருவரும் இரு வழியாகப் பதிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1903 இல் வெளியான அவருடைய நூலில் இவ்விருவரும் வேறு பெயர்களில் நடமாடுகிறார்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள எந்தத் தாயும் அறிந்த செய்திதான் இது. அறிவியல் அதைக் காகிதத்தில் எழுத இவ்வளவு காலம் எடுத்தது.

இனி அக்காலத்தின் தேவையைப் பாருங்கள். 1882 இன் சட்டத்தால் பிரான்சில் ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை வயலிலும் பட்டறையிலும் எவர் கண்ணிலும் படாமல் இருந்த பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தார்கள். சிலரால் பாடத்தோடு ஓட முடியவில்லை. ஆசிரியர் சிலர் அவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். மருத்துவர்கள் மூடர் என்பதற்குப் பல தரங்களில் பெயர் வைத்திருந்தார்கள். ஒரே பிள்ளைக்கு ஒரு மருத்துவர் ஒரு பெயரும் இன்னொருவர் வேறொரு பெயரும் இட்டனர். 1904 இல் அரசு லெயோன் பூர்ஷுவாவின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. முறையான பரிசோதனையின்றி எந்தப் பிள்ளையையும் சாதாரண வகுப்பிலிருந்து வெளியேற்றக்கூடாது என்பது அதன் தீர்மானங்களுள் ஒன்று. இவ்விடத்தில் சற்று நின்று கவனியுங்கள். நீங்கள் அஞ்சும் அந்தப் பரிசோதனை, பிள்ளையை வெளியே தள்ளும் கையைத் தடுத்துப் பிடிக்கவே முதலில் கேட்கப்பட்டது.

ஆனால் அப்பரிசோதனையை எப்படிச் செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. பினேயும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விடுதியில் பணியாற்றிய தெயோடோர் சிமோன் என்ற இளம் மருத்துவரும் அதற்கு விடை தேடினார்கள். 1905 இல் அவர்கள் வெளியிட்டது 30 சிறு சோதனைகளின் வரிசை. முதலாவது, எரியும் தீக்குச்சியைப் பிள்ளையின் கண் பின்தொடர்கிறதா என்பது. அடுத்து வருவனவற்றில், சொன்ன மூன்று எண்களைத் திருப்பிச் சொல்லுதல், இரண்டு பெட்டிகளில் எது கனம் என்று கையால் தூக்கிச் சொல்லுதல், ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வேறுபாடு என்று விளக்குதல் போன்றவை உண்டு. எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடசாலை கற்பித்ததை விடுத்துப் பிள்ளை எப்படிச் சிந்திக்கிறது என்பதையே காண விரும்பினார்கள். அமைதியான தனியறையில், அன்பாகப் பேசி, அச்சம் தெளிந்த பிறகே தொடங்க வேண்டும் என்று அவர்கள் பரிசோதிப்பவருக்கு அறிவுறுத்தினார்கள். தொல்லை தரும் பிள்ளையை வகுப்பிலிருந்து தொலைத்துவிட விரும்பும் ஆசிரியர் இதைச் சாக்காகப் பயன்படுத்தக்கூடும் என்ற எச்சரிக்கையையும் எழுதி வைத்தார்கள்.

1908 இல் இச்சோதனைகளை வயதுவாரியாக ஒழுங்குபடுத்தினார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையின் அளவில் நிற்கிறது என்று சொல்லக்கூடிய நிலை வந்தது. அதை ஒரு நிரந்தரப் பட்டமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதில் பினே உறுதியாக இருந்தார். மனிதனின் அறிவு இவ்வளவுதான், இதற்கு மேல் வளராது என்று சொல்லுவோரை 1909 இல் வெளிவந்த தம் நூலில் கண்டித்தார். நோயுற்ற காலுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல மனத்துக்கும் பயிற்சி கொடுக்கலாம் என்றார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர் வகுத்த முதற்பயிற்சி என்ன தெரியுமா? சிலை விளையாட்டு. ஆசிரியர் சொன்னவுடன் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும்; எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். கவனம் என்பது என்னவென்று அறியாத பிள்ளைக்குச் சிரிப்பினூடே அதைக் கற்பித்தார்கள். அதே 1909 இன் ஏப்பிரலில் சிறப்பு வகுப்புகளுக்கான சட்டமும் வந்தது. 1911 இல் பினே மறைந்தபோது அவருக்கு வயது 54.

அவருடைய கருவியோ அவர் மறையும் முன்பே கடலைக் கடந்திருந்தது. கடலுக்கு அப்பால் நடந்ததைப் புலம்பெயர்ந்தோராகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹென்றி கோடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1908 இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். சில ஆண்டுகளில் நியூயோர்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் அவருடைய உதவியாளர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் பல நாள் அடைபட்டு வந்து, இறங்கிய களைப்பில், தெரியாத ஊரில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழியாக யூதரும் இத்தாலியரும் அங்கேரியரும் இரஷ்யரும் கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். அவர் தெரிந்தெடுத்துச் சோதித்தவர்களுள் பெரும்பான்மையினர் அறிவுக்குறைவு உடையவர்கள் என்று முடிவு வெளியானது! ஒரு மனிதனின் களைப்பையும் அச்சத்தையும் மொழியின்மையையும் அளந்துவிட்டு, அதற்கு அறிவு என்று பெயர் சூட்டினார்கள். பிரான்சின் அகதிகள் அலுவலகத்தில் முதல் நேர்காணலுக்கு நீங்கள் அமர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள். அன்று உங்களை எவராவது இப்படி அளந்திருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்கும்?

அதன் பின் நடந்தது இன்னும் கொடியது. 1916 இல் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டேர்மன் இச்சோதனையைத் திருத்தி, ஒரே எண்ணில் மனிதனை அடக்கும் நுண்மதி ஈவைப் பரப்பினார். வேர்ஜீனியா மாநிலத்தில் கரி பக் என்ற ஏழைப்பெண், வன்கொடுமையால் கருவுற்றுப் பிள்ளை பெற்றவள், அறிவுக்குறைவு உடையவள் என்று இத்தகைய சோதனையின் பெயரால் தீர்ப்பிடப்பட்டு விடுதியில் அடைக்கப்பட்டாள். இனி அவள் பிள்ளை பெறாதவாறு கருத்தடை செய்யலாம் என்று 1927 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அனுமதித்தது. எட்டு நீதிபதிகள் ஒருபுறம். மறுபுறம் நின்றவர் பியர்ஸ் பட்லர் ஒருவரே. அந்த மன்றத்தில் அன்று இருந்த ஒரே கத்தோலிக்கர் அவர். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1930 டிசம்பர் 31 இல் திருமணத்தைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், அரசு இவ்வாறு மனித உடலில் கைவைக்கும் உரிமையை வன்மையாக மறுத்தார். அறிவுக்குறைவு பரம்பரையாக வரும் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட கரி பக்கின் குழந்தை பின்னர் பாடசாலையில் நற்பெறுபேறு பெற்றோர் பட்டியலில் இடம் பிடித்தது. எட்டு வயதில் நோயால் இறந்தது.

இத்தவற்றைத் திருத்தியவர்களில் ஒருவர் தாமே குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. டேவிட் வெக்ஸ்லர் ருமேனியாவில் பிறந்து சிறுவயதில் நியூயோர்க்குக்குக் கொண்டுவரப்பட்டவர். அவர் 1949 இல் சிறுவருக்கென வெளியிட்ட சோதனையில் சொல்லால் விடையளிக்கும் பகுதி ஒன்றும், கட்டைகளை அடுக்குதல், படங்களை ஒழுங்குபடுத்துதல் போன்று கையால் விடையளிக்கும் பகுதி ஒன்றும் தனித்தனியே மதிப்பிடப்பட்டன. இன்று உங்கள் பிள்ளைக்குப் பாடசாலையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இச்சோதனையின் புதிய பதிப்பே. ஆகவே அறிக்கையைப் பெறும்போது ஒரேயொரு எண்ணைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். எந்தப் பகுதியில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதை உளவியலாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிரெஞ்சுச் சொல் ஒன்றை அறியாதது வேறு, அச்சொல் குறிக்கும் பொருளை அறியாதது வேறு. தமிழை விட்டுவிட்டால் பிள்ளை விரைவில் பேசும் என்று அயலவர் எவராவது ஆலோசனை சொன்னால் அதைச் செவியில் ஏற்றவேண்டாம். பேத்தியோடு பேச முடியாத பாட்டிமார் இப்பங்கில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள்.

பிரான்சுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஹென்றி வலோன், ரெனே சாசோ ஆகியோரின் முயற்சியால் பாடசாலைகளுக்குள் உளவியலாளர்கள் வரத் தொடங்கினார்கள். 1946 இல் பாரிஸில் குளோத் பெர்னார் நிலையம் திறக்கப்பட்டது. மருத்துவரும் உளவியலாளரும் ஆசிரியரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிச் சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நீங்கள் சே.எம்.பே.பே. என்று சுருக்கிச் சொல்லும் நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. அளப்பதோடு நில்லாமல் குணப்படுத்துவதையும் அதே இடத்தில் வைத்தார்கள் என்பதே முக்கியம். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது என்ற உங்கள் முறைப்பாடு உண்மைதான். ஆனால் பட்டியலில் பெயரைப் பதிந்தால்தானே அது நகரும்.

குணப்படுத்தலின் வரலாற்றில் ஒரு பெண்மணியைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் நம் திருச்சபையின் மகள். நம் திருச்சபையின் வழக்கங்களால் காயப்பட்டவரும்கூட. பிரான்சுவாஸ் டோல்ட்டோ 1908 இல் பாரிஸில், மரெத் என்ற வசதியான கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். மூத்த சகோதரி ஜாக்லீன் தாயின் செல்லப்பிள்ளை. அவளைப் புற்றுநோய் பற்றிக்கொண்டது. பிரான்சுவாஸின் நன்மை விழா நெருங்கியபோது தாய் அச்சிறுமியிடம் சொன்னார்: தூய பிள்ளையின் செபத்தை ஆண்டவர் கேட்பார், அக்காவின் உயிருக்காக மன்றாடு. பிள்ளை மன்றாடியது. 1920 இல் அக்கா இறந்தாள். நீ சரியாகச் செபிக்கவில்லை என்று துயரம் தாங்காத தாய் இளையவளைக் குற்றம் சாட்டினார்.

நான் இதைக் குருவாக எழுதுகிறேன். மறைக்கல்வி வகுப்பில் நாம் பிள்ளைகளின் தலையில் சுமத்தும் சொற்கள் எவ்வளவு கனமானவை என்பதை இந்நிகழ்ச்சியைப் போல் எனக்கு உணர்த்தியது வேறொன்றில்லை. "நீ நல்ல பிள்ளையாக இருந்தால் அப்பாவின் வழக்கு வெல்லும்", "நீ செபமாலை சொன்னால் அம்மாவின் நோய் மாறும்" என்று நம் வீடுகளிலும் சொல்லுகிறோம். விசா மறுக்கப்பட்ட இரவில் ஒரு பிள்ளை போர்வைக்குள் கிடந்து என்ன கணக்குப் போடும் என்று நாம் நினைப்பதில்லை.

அந்தச் சிறுமி வளர்ந்து, தாயின் எதிர்ப்பை மீறி மருத்துவம் படித்து, பிள்ளைகளின் உளச்சிகிச்சையைத் தம் வாழ்வாக்கிக்கொண்டார். 1940 முதல் 1978 வரை துரூசோ மருத்துவமனையில் பிள்ளைகளைப் பார்த்தார். அவர் முன் ஒரு தாளும் வண்ணப் பென்சில்களும் களிமண்ணும் இருக்கும். பிள்ளை வரையும், உருட்டும், பேசும் அல்லது பேசாதிருக்கும், அவர் காத்திருப்பார். ஒவ்வொரு முறையும் பிள்ளை தனக்கென ஒரு கட்டணம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். பணம் அன்று, தெருவில் பொறுக்கிய ஒரு கூழாங்கல் போதும், தானே வரைந்த போலித் தபால்தலை போதும். கல்லைக் கொண்டுவந்தால் பிள்ளை தானே விரும்பி வந்திருக்கிறது என்று பொருள். கொண்டுவராவிட்டால், தாய் தந்தையரின் விருப்பத்துக்காக இழுத்துவரப்பட்டிருக்கிறது. அன்றைக்கு அமர்வு இல்லை, பிள்ளையின் மறுப்பு மதிக்கப்படும். மந்தமாய்த் தோன்றும் பிள்ளையும் ஓர் ஆள், அதனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், பொய் சொல்லி அடக்கக்கூடாது என்பதே அவருடைய நிலைப்பாடு. இறந்த தாத்தா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லும் நம் வழக்கத்தை அவர் ஒருபோதும் ஏற்றிருக்கமாட்டார்.

1976 இல் பிரான்ஸ் இன்தேர் வானொலியில் அவர் பெற்றோருக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். தொலைபேசியில் கேட்காதீர்கள், விரிவாகக் கடிதம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எழுதும்போதே பெற்றோருக்குப் பாதித் தெளிவு வந்துவிடும் என்று கண்டிருந்தார். இன்னொரு சிறு செய்தி: 1962 இல் அவருடைய சகோதரர் ஜாக் மரெத் தபால் அமைச்சராக இருந்தபோது, நத்தார்த் தாத்தாவுக்குப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். முதற்பதிலின் வாசகத்தை எழுதியவர் டோல்ட்டோ. ஒவ்வொரு டிசம்பரிலும் உங்கள் பிள்ளைகளுக்கு வரும் பதிலின் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது.

அவரைப் புனிதராக்க நான் முயலவில்லை. பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமையைப் பற்றி 1979 இல் அவர் சொன்ன சில கருத்துகள் இன்று கடுமையாகக் கண்டிக்கப்படுகின்றன, கண்டிக்கப்பட வேண்டியவைதாம். அவர் சார்ந்திருந்த உளப்பகுப்பாய்வு மரபும் இந்நாட்டில் ஒரு பெரிய அநீதியைச் செய்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் நிலைக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து பல்லாண்டுகள் கோலோச்சியது. எத்தனையோ தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உதவி தேடிச் சென்று, குற்றவாளியாகத் திரும்பினார்கள். 2012 இல்தான் பிரான்சின் தேசிய சுகாதார அதிகாரசபை, ஓட்டிசத்துக்கு உளப்பகுப்பாய்வைப் பரிந்துரைக்க முடியாது என்று கூறி, கல்வியும் நடத்தையும் வளர்ச்சியும் சார்ந்த பயிற்சிகளை முன்வைத்தது. நம் பங்கிலுள்ள தாய்மாருக்கு இதை நான் பெயர் சொல்லாமல், ஆனால் நேராகச் சொல்லுகிறேன்: உங்கள் பிள்ளையின் ஓட்டிசத்துக்கு நீங்கள் காரணர் அல்லர். கருவுற்றிருந்தபோது நீங்கள் அழுததும் காரணம் அன்று. மாமியார் சொன்னாலும் அன்று.

சரி, இவையெல்லாம் வெள்ளைக்காரரின் கதைகள் என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். நாம் விட்டுவந்த மண்ணிலும் இப்பணி நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் நடுவே மக்களின் மனக்காயங்களைக் கேட்டு எழுதிவந்தார். 1998 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூல் அக்காயங்களை உலகறியச் செய்தது. ஆழிப்பேரலைக்குப் பின், ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்களும் பயிற்சிபெற்ற தமிழ் உளவளத்துணையாளர்களும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அமர்த்திப் பேசினார்கள். 2008 இல் வெளியான முடிவின்படி, ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் போரின் ஏதோவொரு கொடுமையைக் கண்டிருந்தனர். ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு மனவடுவின் நோய்க்குறிகள் முழுமையாக இருந்தன. இவ்வளவும் நாம் எதிர்பார்ப்பதே. எதிர்பாராதது வேறொன்று. நூற்றுக்கு 95 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குள் ஏதோவொரு வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். போரும் கடலும் செய்த காயத்தோடு, வீட்டில் வாங்கிய அடியும் பிள்ளையின் மனத்தை நோயுறச் செய்வதில் பங்கு கொண்டது. தந்தையின் குடிக்கும் அவ்வன்முறைக்கும் தொடர்பு இருந்தது.

குண்டைப் போட்டவனை நாம் தட்டிக்கேட்க முடியவில்லை. ஆனால் இடுப்புப் பட்டியைக் கழற்றியது யாருடைய கை?

அக்குழுவினர் அளந்துவிட்டுப் போய்விடவில்லை. 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் கொண்ட சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். மறுபகுதியினருக்குத் தம் வாழ்க்கையைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாகச் சொல்லும் முறை. இம்முறையில் ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, மகிழ்ந்த நிகழ்ச்சிக்கு ஒரு பூவும் துன்ப நிகழ்ச்சிக்கு ஒரு கல்லும் வைக்கச் சொல்வது வழக்கம். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, அன்று என்ன கண்டாய், என்ன கேட்டாய், உடல் எப்படி நடுங்கியது என்று மெல்லக் கேட்பார்கள். ஆறு மாதங்களின் பின் பார்த்தபோது இரு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். சிகிச்சையளித்தவர்கள் அவ்வூர் உளவளத்துணையாளர்கள். பேசிய மொழி தமிழ். இதை வாசிப்பவர்களில் அந்நாளில் பிள்ளைகளாயிருந்து இன்று பெற்றோரானவர்களும் இருப்பீர்கள். உங்கள் கயிற்றில் உள்ள கற்களை எவரும் கேட்டதில்லை என்றால், உங்கள் பிள்ளையின் கடிதம் உங்களுக்கும் ஒரு வாசலாக இருக்கலாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பாடசாலை உளவியலாளரின் சேவைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் இசைவின்றிப் பிள்ளையைத் தனியாகப் பரிசோதிக்க முடியாது. ஆகவே ஒப்பமிடும் முன் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்குண்டு. என்ன பார்க்கப் போகிறீர்கள், முடிவை யார் வாசிப்பார்கள், எமக்கு எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். தாயும் தந்தையும் இருவருமே போங்கள். வேலை என்று தந்தையர் சொல்லுவதை நான் நன்கறிவேன். உணவகத்தில் ஒரு நாள் விடுப்புக் கேட்பது எளிதன்று. ஆயினும் கேளுங்கள். பிரெஞ்சு போதாதென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். தயவுசெய்து அந்தப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அமர்த்தாதீர்கள், அதன் அக்காவையும் அமர்த்தாதீர்கள். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தன் வாயாலேயே தாய்க்குச் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

பதின்ம வயதினரைப் பற்றித் தனியே ஒரு சொல். அறைக்கதவைப் பூட்டிக்கொள்ளும், உண்ண மறுக்கும், கையில் கீறிக்கொள்ளும், இரவு முழுதும் விழித்திருக்கும் மகனையோ மகளையோ மந்திரிக்க வேண்டும் என்று என்னிடம் அழைத்துவருகிறீர்கள். நான் தலையில் கைவைத்து செபிப்பேன், மறுக்கமாட்டேன். ஆனால் பேயோட்டும் சடங்குக்கான திருச்சபையின் 1999 ஆம் ஆண்டு நூலே, நோயைப் பேயென்று மயங்காதவாறு மருத்துவ அறிவுடையோரைக் கலந்துகொள்ளச் சொல்லுகிறது. நான் உளவியலாளன் அல்லன். என்னிடம் வந்துவிட்டதால் அவரிடம் போகத் தேவையில்லை என்று எண்ணாதீர்கள். கையைக் கீறும் பிள்ளையை அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வைக்காமல் அன்றே குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இலேசான மனச்சோர்வுக்கு, மூன்று வயது முதல் எவரும் மருத்துவக் காப்புறுதியின் உதவியோடு ஆண்டுக்கு 12 அமர்வுகள்வரை உளவியலாளரிடம் செல்லும் ஏற்பாடு இப்போது இருக்கிறது.

சமூக சேவைக்காரர் பறித்துக்கொண்டு போவார்களா என்ற மூன்றாம் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்பதற்காக எவரும் அதைப் பறிப்பதில்லை. அடிக்கும் வீடு என்றால் கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டும். 2019 ஜூலை 10 இன் சட்டத்தின்படி, வளர்ப்பதற்காக அடிக்கிறேன் என்ற நியாயம் இந்நாட்டில் செல்லாது. கையை அடக்க முடியவில்லை என்று உணரும் தந்தையோ தாயோ என்னிடம் வரலாம். எந்த நேரமும் வரலாம். அடிவாங்கும் பிள்ளையோ, அதைக் கேட்கும் அயலவரோ 119 என்ற இலக்கத்தை அழைக்கலாம். இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தொலைபேசிப் பட்டியலில் அந்த இலக்கம் தோன்றாது.